முன்கையில் ஒட்டிக்கொண்ட ஹங்கேரி

இடுக்கியம்மா எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் அந்தத் தெருவில் தபால்காரரிலிருந்து தையல்காரர் வரை எல்லாரும் கண்ணாடிக்கடையைத்தான் காட்டுவார்கள். கடை அவள் கணவருடையது. மூக்குக்கண்ணாடி விற்பார், உடைந்ததை ஒட்டுவார், கழன்ற திருகை மாட்டிக் கொடுப்பார். கடையின் பின்பக்கம் நான்கு படி ஏறினால் ஒரு சின்ன அறை. ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன்மேல் கழுத்து வளையும் விளக்கு, ஒரு கறுப்புத் தட்டு, லென்ஸ், அவளுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த இடுக்கி. தபால்தலைகளைப் பார்த்து இனம் பிரித்து விலை சொல்வது அவள் தொழில். அதிலும் ஹங்கேரி நாட்டுத் தபால்தலை மட்டும்தான். வேறு எந்த நாட்டுத் தலையை நீட்டினாலும், "இது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லைங்க" என்று இடுக்கியைக் கீழே வைத்துவிடுவாள்.

ஏன் ஹங்கேரி என்று கேட்காத ஆளே கிடையாது. அவள் அந்த நாட்டுக்குப் போனதில்லை. போகிற உத்தேசமும் இல்லை. விஷயம் ரொம்பச் சாதாரணம். கல்யாணமான புதிதில் தபால்தலை சேர்க்கும் பைத்தியம் பிடித்தபோது மற்ற நாட்டுத் தலைகள் எல்லாம் கைக்கு எட்டாத விலையில் இருந்தன. ஹங்கேரி மட்டும் பொட்டலம் பொட்டலமாகக் கிடைத்தது. உள்ளங்கை அகலத்துக்குப் படம், ராக்கெட், தவளை, பூ, கால்பந்து என்று விதவிதமாக. யாரும் சீந்தாத சாமான் என்பதால் அதைப் பற்றி முழுசாகத் தெரிந்த ஆளும் யாரும் இல்லை. முப்பது வருஷம் விடாமல் பார்த்ததில் இவள் அந்த ஆளாகிவிட்டாள். இன்றைக்கு வெளியூர் சேகரிப்பாளர்கள் பதிவுத் தபாலில் அனுப்பி, "நீங்க பார்த்துச் சொன்னாத்தான் வாங்குவோம்" என்கிறார்கள்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். கிரீடத்தின் மேல் ஒரு பறவை சிறகு விரிக்கிற பழைய தலை ஒன்று உண்டு. அதைக் கறுப்புத் தட்டில் குப்புறப் போட்டு, அதற்கென்று இருக்கும் திரவத்தில் ஒரு சொட்டு விடுவாள். காகிதத்துக்குள் இருக்கும் நீர்க்குறி மெல்லத் தெரியவரும். அது எந்த மாதிரிக் கிரீடம் என்று பார்த்து வருஷத்தைச் சொல்லுவாள். ஒரே படம், ஒரே நிறம். ஒன்று ஒரு டீ வாங்கக்கூடப் போதாது, அடுத்தது ஒருத்தர் மாதச் சம்பளத்தை விழுங்கும். அந்த நாட்டில் பணம் மதிப்பு கெட்டுப்போன காலத்தில் அச்சடித்த தலைகளைத் தூக்கிக்கொண்டு, "இதுல கோடிக்கணக்குல போட்டிருக்கே" என்று வேர்க்க விறுவிறுக்க ஓடி வருகிறவர்களும் உண்டு. அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் உண்மையைச் சொல்லுவாள்.

கண் அவ்வளவு கூர்மை. வாய் அதைவிட வேகம். அவளுக்கு வந்த வினையெல்லாம் அந்த வாயால்தான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கொண்டு வந்த தலைகள் ஒன்றுக்கும் உதவாதவை என்றால் கட்டணம் வாங்க மாட்டாள். கட்டணம் வாங்கவில்லை என்றால் நோட்டில் பெயரும் எழுத மாட்டாள். கீழே அவள் கணவரும் அதே ரகம். திருகு மாட்டிக் கொடுத்தால் காசு வாங்க மாட்டார், ரசீதும் போட மாட்டார். இருவரும் இதைத் தர்ம காரியம் என்று நினைத்துக் கொண்டிருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த லிப்ட் மெக்கானிக் வந்தார். மூன்று நாள் முன்னால் கண்ணாடித் திருகு கழன்றதென்று கடைக்கு வந்தவர். ஹங்கேரித் தபால்தலை பார்த்து விலை சொல்லப்படும் என்று சுவரில் தொங்கிய சின்னப் பலகையைப் படித்துவிட்டு, "எங்க அண்ணன் ஆல்பம் ஒண்ணு கிடக்கு, கொண்டு வரட்டுமா?" என்று கேட்டுப் போனவர், சொன்னபடி கொண்டுவந்துவிட்டார். குட்டையான மனிதர், காதில் பென்சில், இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. ஆல்பம் ஒரு சின்ன மூட்டை கனம் இருந்தது. வளையம் போட்டு, ஏட்டைக் கழற்றி மாட்டுகிற வகை.

"அண்ணன் கப்பல் என்ஜின் ரூம்ல வேலை பார்த்தாரும்மா. துறைமுகத்துல இறங்கினா மத்தவங்க செண்ட் வாங்குவாங்க, சோப்பு வாங்குவாங்க. இவரு ஸ்டாம்ப் வாங்குவாரு."

"கடலே இல்லாத நாட்டு ஸ்டாம்பைக் கப்பல்காரர் சேர்த்தாரா?" என்று அவள் சிரித்தாள்.

அவரும் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "அண்ணன் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அண்ணிக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. மாத்தியே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. குடியிருக்கறது மூணாவது மாடி. ஊர்ல இருக்கற லிப்ட்டை எல்லாம் நான் ஓட்டறேன், எங்க அண்ணி வீட்டுக்கு லிப்ட் கிடையாது. எங்க ரெண்டு பேர் கையிலயும் ஆபரேஷனுக்குக் காசு இல்ல. இது ஏதாவது தேறுமான்னு பாருங்கம்மா."

தேற வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது. சத்தியமாக இருந்தது. விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு ஏடு ஏடாகப் புரட்டினாள். முதல் பாதி முழுக்க அவளுக்கு மனப்பாடமான சரக்கு. படம் கண்ணைப் பறிக்கும், மூலையில் அழகாக ஒரு முத்திரை இருக்கும், பின்னால் பசை அப்படியே இருக்கும். எந்தக் கடிதத்திலும் ஒட்டாமல் தபால் இலாகாவே முத்திரை குத்திச் சேகரிப்பாளர்களுக்கு விற்றது. கிலோக்கணக்கில் கிடைக்கும்.

பின் பாதியைத் திறந்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அங்கே இருந்த தலைகளுக்குப் பல் இல்லை. தபால்தலையைக் கிழிக்க வசதியாக ஓரத்தில் ஓட்டை போடுவார்களே, கிழித்ததும் அது பல் பல்லாக நிற்கும். ஹங்கேரிக்காரர்கள் அநேகமாக ஒவ்வொரு தொகுப்பிலும் கொஞ்சத்தை மட்டும் ஓட்டை போடாமல் வெளியிட்டார்கள். எண்ணிக்கை குறைவு, அதனால் விலை அதிகம். விலை அதிகம் என்றால் திருட்டும் உண்டு. மலிவான தலையின் பல்லைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, பல்லில்லாதது என்று விற்றுவிடுவார்கள். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பல்லுள்ள தலையை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். வெட்டினது சின்னதாகத்தான் இருக்கும். அசல் நாலு பக்கமும் வெளியே தெரியும்.

முதல் தொகுப்பை எடுத்தாள். வைத்துப் பார்த்தாள். சின்னது. வெட்டினது. அதே ஏட்டில் இரண்டாவது தொகுப்பு. அதுவும் வெட்டினது. அவளுக்குச் சப்பென்று போய்விட்டது. பாவம், கப்பல்காரரை எந்தத் துறைமுகத்திலோ எவனோ நன்றாக மொட்டை அடித்திருக்கிறான் என்று தோன்றியது. மிச்ச ஏடுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு மூடினாள். புழுக்கம் தாங்கவில்லை, கையெல்லாம் வேர்வை.

"ஏமாத்திட்டாங்க அவரை" என்றாள். "எல்லாம் வெட்டினது. மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

மெக்கானிக் ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "தேறலேன்னா பக்கத்து ஸ்கூல் குழந்தைங்களுக்குக் கொடுத்துடலாம்னு அண்ணி சொன்னாங்க" என்றார்.

"தாராளமாக் கொடுங்க. பின்னாடி பசைகூட இருக்கு, தனியா வாங்க வேண்டாம். ஈரம் பண்ணி ஒட்டினாப் போதும்."

அவர் மனசைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள். அவரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போனார். கட்டணம் இல்லை. நோட்டில் பெயர் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து டீ போட்டுக் கீழே எடுத்துக்கொண்டு போனாள். கணவர் டம்ளரை வாங்காமல் அவள் கையையே பார்த்தார்.

"ஏன்டி, இந்த வயசுல பச்சை குத்திக்கிட்டு வந்திருக்கே? அதுவும் பட்டாம்பூச்சி."

முன்கையின் உள்பக்கம், வேர்வையில் பசை பிடித்து, ஒரு தபால்தலை ஒட்டிக்கொண்டு இருந்தது. ஊதா நிறப் பட்டாம்பூச்சி. ஏடுகளைத் தள்ளும்போது நழுவி விழுந்திருக்கிறது. முத்திரை இல்லை. பல்லும் இல்லை. டீயை அங்கேயே வைத்துவிட்டு அவள் படி ஏறினாள். ஈரத்துணியை ஓரத்தில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடுக்கியால் மெல்ல உரித்தாள். தன் பெட்டியிலிருந்து அதே பட்டாம்பூச்சி, பல்லுள்ளது, ஒன்றை எடுத்து மேலே வைத்தாள்.

அடியில் இருந்தது நாலு பக்கமும் வெளியே தெரிந்தது.

நகர்த்தி வைத்தாள். விளக்கைத் தாழ்த்தினாள். லென்ஸைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி பார்த்தாள். எத்தனை தரம் பார்த்தாலும் அது அசல்தான். அந்தப் பட்டாம்பூச்சி இருந்த ஏட்டுக்கு முன்னும் பின்னும் இருபது ஏடாவது இருந்தது. இரண்டே இரண்டைப் பார்த்துவிட்டு அத்தனைக்கும் தீர்ப்பு சொல்லியிருக்கிறாள். ஈரம் பண்ணி ஒட்டச் சொல்லியும் அனுப்பியிருக்கிறாள்.

"அந்த மெக்கானிக் பேர் என்னங்க?" என்று கீழே ஓடி வந்து கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? திருகுக்கு நான் என்ன பில்லா போட்டேன்?"

"போன் நம்பர்?"

"உன் நோட்டைப் பாரு."

நோட்டில் என்ன இருக்கும். தபால்தலையின் பின்னால் நூலிழை அளவுக்குக் கிழிசல் இருந்தாலும் கண்டுபிடிக்கிறவள், அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்த மனிதனின் சட்டைப் பையில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரைப் பார்க்கவில்லை. பக்கத்து ஸ்கூல் என்றார். எதற்குப் பக்கத்தில் என்று கேட்கவில்லை. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு பொம்பளையோட ரெண்டு காலையும் நான் எடுத்துட்டேங்க" என்றாள்.

கணவர் கிண்டல்காரர்தான், ஆனால் நேரம் தெரிந்தவர். கடையை மேலோட்டமாகச் சாத்தினார். "லிப்ட்டுக்குள்ள ஒரு அட்டை தொங்கும். யார் வந்து சர்வீஸ் பண்ணினாங்கன்னு கையெழுத்தும் நம்பரும் இருக்கும். நடந்து வர்ற தூரத்துலதான் அவருக்கு வேலை இருந்திருக்கும். இங்க லிப்ட் உள்ள கட்டடம் எத்தனை, ஏழோ எட்டோ. வா, போய்ப் பாத்துடலாம்."

அவளுக்கு லிப்ட் என்றாலே ஆகாது. ஒரு தடவை இரண்டு மாடிக்கு நடுவில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டதிலிருந்து அவள் கால் வைத்ததில்லை. அன்று வைத்தாள். வங்கிக் கட்டடத்தில் ஏறினாள், அட்டையில் இருந்த நம்பரில் வேறு ஆள் பேசினார். வரி ஆலோசகர்கள் இருக்கும் கட்டடத்தில் ஏறினாள், அட்டையே இல்லை. துணிக்கடையில் அட்டையைப் படிப்பதற்குள் யாரோ பொத்தானை அமுக்கி ஐந்தாவது மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கணவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர், "முப்பது வருஷத்துல இப்பத்தான் என் கையைப் பிடிச்சிருக்கே" என்றார். "சட்டையைத்தான் பிடிச்சேன்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். அதற்குள் எல்லாக் கட்டடங்களையும் பூட்டும் நேரம் ஆகிவிட்டது.

மறுநாள் காலை பல் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் காவல்காரர் ஒருவர் கேட்டவுடனே சொன்னார். "குட்டையா இருப்பாரு, காதுல பென்சில். அவருதானே? நேத்து இங்கதான் இருந்தாரு." லிப்ட் அட்டையில் நம்பர் இருந்தது. பட்டாம்பூச்சியைக் கையிலிருந்து உரித்த நேரத்தில் அவர் கடையிலிருந்து இருநூறு அடி தூரத்தில்தான் இருந்திருக்கிறார்.

கணவர் போன் செய்து அவளிடம் கொடுத்தார்.

"ஐயா, ஸ்டாம்ப் பார்த்த அம்மா பேசறேன். ஆல்பம் எங்க இருக்கு?"

"நேத்து சாயங்காலமே அண்ணிகிட்ட கொடுத்துட்டேன்மா. காலையில ஸ்கூலுக்குப் போய்க் கொடுத்துட்டு வந்துட்டேன்னு அண்ணி போன் பண்ணாங்களே. ஏம்மா?"

ஸ்கூல் எங்கே என்று மட்டும் கேட்டாள். அண்ணிக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள் என்றாள். "அவங்க போன் அலமாரியில இருக்கும்மா. எழுந்து வந்து எடுக்கறதுக்குள்ள மணி நின்னுடும். காலையில அவங்களேதான் பண்ணாங்க" என்றார். "நானும் கிளம்பி வர்றேன். என்ன விஷயம்னு சொல்லுங்கம்மா."

"நேர்ல சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆட்டோவில் போகும்போது கணவர் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அண்ணி குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே இருந்தது அந்த மழலையர் பள்ளி. ஒரே கூடம், தாழ்வான மேஜைகள், சுமார் இருபது குழந்தைகள். எல்லார் தலையிலும் காகிதத் தொப்பி. தொப்பி முழுக்க ஹங்கேரி. ராக்கெட்டும் தவளையும் கால்பந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, இன்னும் ஒட்டிக்கொண்டே இருந்தார்கள்.

டீச்சர் சந்தோஷமாக வந்தாள். "மேல இருக்கற அம்மா கொடுத்தாங்க. பசைகூட வாங்க வேண்டாமாம், ஈரம் பண்ணினாப் போதுமாம். ஸ்டாம்ப் பாக்கற அம்மா ஒருத்தங்க சொன்னாங்களாம்."

ஸ்டாம்ப் பார்க்கிற அம்மா பையிலிருந்து லென்ஸை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். முதல் தொப்பியைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். குழந்தைகள் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு வரிசையில் நின்று தலையைக் குனிந்து காட்டினார்கள். "நீங்க பேன் பாக்கற டாக்டரா?" என்று ஒரு பெண் குழந்தை கேட்டது. "ஆமாம்" என்றார் அவள் கணவர். இருபது தொப்பியும் பார்த்தாயிற்று. மேஜைமேல் கிடந்தவை, கீழே விழுந்தவை, ஒரு குழந்தையின் கன்னத்தில் இருந்தது வரைக்கும் பார்த்தாயிற்று.

எல்லாவற்றுக்கும் பல் இருந்தது.

"ஆல்பம் எங்க?" என்று டீச்சரைக் கேட்டாள்.

"ஆல்பம் எல்லாம் இல்லையே. ஏழெட்டு ஏடு கழட்டிக் கொண்டு வந்து கொடுத்தாங்க. அவ்வளவுதான்."

மூன்று மாடியையும் அவள் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கணவர் ஒரு மாடி பின்தங்கி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து, "வர்றேன், வர்றேன், கொஞ்சம் இருங்க" என்று குரல் வந்தது. பிறகு கம்பு தரையில் ஊன்றும் சத்தம் நிதானமாக நெருங்கி வந்தது. அவ்வளவு நீளமான காத்திருப்பை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பெண்மணி கதவைத் திறந்தாள். அகலமான முகம், இறுக்கி முடிந்த கொண்டை, சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"அக்கா, உங்க கொழுந்தனார் கொண்டு வந்த ஆல்பத்தைப் பார்த்தவ நான்தான். மிச்ச ஏடெல்லாம் எங்க?"

"அட, நீங்கதானா? உள்ள வாங்க. மிச்சம் இங்கதான் இருக்கு. முழுசையும் தூக்கிக்கிட்டு மூணு மாடி இறங்க எனக்கு முடியுமா? ஆல்பம் கனமான கனம், இந்த முட்டி வேற. முன்னால இருந்ததைக் கொஞ்சம் கழட்டி எடுத்துக்கிட்டு, கைப்பிடியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா இறங்கினேன். மிச்சத்தை அடுத்த தடவை இறங்கும்போது கொண்டு போகலாம்னு வெச்சேன்."

ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி, அதன் எதிரே ஒரு முக்காலி. முக்காலி உயரம் போதவில்லை என்று அதன்மேல் துண்டு சுற்றி ஆல்பத்தை வைத்திருந்தாள். கால் நீட்டிக்கொள்ள.

இடுக்கியம்மா துண்டைப் பிரித்தாள். பின் பாதி அப்படியே இருந்தது. ஒரு தலைகூட அசையவில்லை. பட்டாம்பூச்சி வரிசையில் ஒரே ஒரு இடம் காலி. ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பின்னால் வந்து சேர்ந்த கணவர் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, "அப்பாடா" என்றார். போன உயிர் இருவருக்கும் திரும்பி வந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் அண்ணி, பயந்துபோய்.

சொல்லாமல் தப்பிக்கலாம். புதிதாக ஒன்று தெரியவந்தது, திரும்பப் பார்க்கலாம் என்று வந்தேன் என்றால் யாருக்கு என்ன தெரியப்போகிறது. அந்த எண்ணம் ஒரு கணம் வந்தது என்பதை அவள் பிறகு கணவரிடம் ஒத்துக்கொண்டாள். ஆனால் வாய் வேகமானதாயிற்றே, அன்றைக்காவது அது நல்ல திசையில் ஓடியது.

"அக்கா, நான் தப்பா சொல்லிட்டேன். ரெண்டைப் பார்த்துட்டு மொத்தமும் போலின்னு சொல்லிட்டேன். பாக்கியை நான் பார்க்கவே இல்லை. அது என் தப்பு. இப்ப உங்க முன்னாலயே ஒவ்வொண்ணாப் பாக்கறேன்."

அதற்குள் மெக்கானிக்கும் வந்து சேர்ந்தார். மேஜையை ஜன்னலுக்கு நகர்த்திப் போட்டார்கள். அவள் ஏடு ஏடாக, தலை தலையாகப் பார்த்தாள். கடைசி ஏடு வரை முடித்துவிட்டுத் திரும்பப் புரட்டினபோதுதான் அது கண்ணில் பட்டது. அந்தப் பின் பாதியின் முதல் ஏட்டில், அவள் முதல் நாள் பார்த்த வெட்டின தொகுப்புகள் இரண்டின் பக்கத்தில், பென்சிலில் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தது. மற்ற எந்த ஏட்டிலும் அந்தக் குறி இல்லை. அவள் லென்ஸைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இது யார் போட்டது?"

"அவர்தான். அவர் பென்சில்தான் இது."

"உங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. முதல்ல ரெண்டு தடவை ஏமாந்திருக்கார். ஏமாந்ததைத் தூக்கிப் போடலை. வெட்டினது எப்படி இருக்கும்னு பாத்துக்கறதுக்காக இந்த முதல் ஏட்டுலயே வெச்சு, தப்புன்னு குறி போட்டு வெச்சிருக்கார். அதுக்கப்புறம் வாங்கினது ஒண்ணுகூடத் தப்பு இல்லை. நான்தான் குறியைப் பார்க்காம அவரை ஏமாளின்னு சொன்னேன்."

அண்ணி வெகுநேரம் அந்தப் பென்சில் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒவ்வொரு தடவையும் சண்டை போடுவேன்" என்றாள். "எவனோ உங்களை நல்லா ஏமாத்தறான், காகிதத்தைக் கொடுத்துக் காசைப் பிடுங்கறான்னு கத்துவேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டார். எனக்குத் தெரியும், நீ பேசாம இரு, அப்படின்னு மட்டும் சொல்லுவார். நானும் அவர் வீம்புக்குச் சொல்றார்னுதான் நெனச்சேன். நேத்து நீங்க சொன்னதைக் கொழுந்தன் வந்து சொன்னப்போ, நான் சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சேன்னு ராத்திரி எல்லாம் அழுதேன். எனக்கு அது சரியா இருக்கவே வேண்டாம்மா."

"சரியில்லைக்கா. நீங்க சொன்னது சுத்தமாச் சரியில்லை" என்றாள் இடுக்கியம்மா. அதைக் கேட்டு அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பிறகு என்ன, முறைப்படி எல்லாம் நடந்தது. நோட்டில் முழுப் பெயர், விலாசம், ஏட்டு எண், தலை எண் எழுதினாள். வெளியூர் சேகரிப்பாளர்கள் மூன்று பேருக்குக் கடிதம் போனது. அவசரப்பட்டு மொத்தமாகத் தள்ளிவிடாமல் தொகுப்பு தொகுப்பாக விற்றுக் கொடுத்தாள். அவளுக்கு உரிய கமிஷனை அண்ணி வற்புறுத்திக் கொடுத்தாள். கையில் ஒட்டிய பட்டாம்பூச்சியின் பின்னால் பசையில் ரோமத் தடம் விழுந்திருந்தது. அதனால் அந்தத் தொகுப்பின் விலை எவ்வளவு குறையுமோ அதை அந்தக் கமிஷனிலிருந்தே கழித்துக்கொண்டாள். மெக்கானிக் வேண்டாம் என்றதற்கு, "என் கை பண்ணின வேலைக்கு என் கைதான் கொடுக்கணும்" என்று வாயை அடைத்தாள். ஆபரேஷனுக்குப் போதிய பணம் சேர்ந்தது. பெருக்கல் குறி போட்ட ஏட்டை மட்டும் அண்ணி விற்கவில்லை. விற்கவும் முடியாது என்பது வேறு விஷயம்.

அப்புறம் இடுக்கியம்மா யார் வந்தாலும் முதலில் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுத்தான் விளக்கைப் போடுவாள். கணவரும் கீழே திருகுக்கு ரசீது போட ஆரம்பித்தார். தொகை என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவார். வாடிக்கையாளர்கள் அதை வேடிக்கையாகப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

ஏழு மாதம் கழித்து ஒரு நாள் காலை கீழேயிருந்து கணவர் கூப்பிட்டார். "உன்னைப் பார்க்க ஒருத்தங்க வந்திருக்காங்க. நீயே இறங்கி வந்துடு, படி ஏற வேண்டாம் அவங்க."

அவள் லென்ஸை வைத்துவிட்டு எழுந்தாள். அதற்குள் கீழே ஒரு குரல், "நீங்க சும்மா இருங்க, நானே போறேன்" என்றது. படியில் காலடி கேட்டது. ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இரண்டு, மூன்று, நான்கு. கம்பு ஊன்றும் சத்தம் இல்லை. வாசலில் அண்ணி நின்றாள்.

இடுக்கியம்மா அவசர அவசரமாக நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா, உக்காருங்க."

அண்ணி உட்காரவில்லை. மேஜையைப் பிடிக்காமல் அறை நடுவில் நின்றுகொண்டு, அந்த நாற்காலியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"ரெண்டு வருஷமா உக்காந்துதான் இருந்தேன். கொஞ்ச நேரம் நிக்கறேன்."